கார்வின்காரர்கள் எங்களை விழுங்கிய வருஷம்

ஏப்ரல் 11, புதன்

இந்த வாரம் இரண்டே அழைப்பு. முதலாவது, பசு ஒன்று தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிவிட்டு வெளியே வர மனமில்லாமல் நின்றது. அடுத்தது, லூத்தரன் கோயில் சமையலறையில் புகை. போய்ப் பார்த்தால் யாரோ ரொட்டியைக் கருக்கிவிட்டுப் பிரார்த்தனைக்குப் போயிருக்கிறார்கள். டெல்பர்ட் தீயணைப்பு வட்டாரத்தின் தலைவி என்ற முறையில் இரண்டு இடத்துக்கும் வெள்ளைத் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு போனேன். பசு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மத்தியானம் நான் வேலை பார்க்கும் தபால் நிலையத்துக்குப் பெவர்லி வந்தாள். அறிவிப்புப் பலகையில் ஒட்ட ஒரு தாள், கூடவே ஒரு தட்டு நிறைய பிஸ்கட்.

"கோவப்படாம படி மார்வா. படிச்சிட்டு அப்புறம் கோவப்படு."

படித்தேன். எங்கள் வட்டாரத்தைப் பக்கத்து ஊரான கார்வின் வட்டாரத்தோடு சேர்க்கப் போகிறார்களாம். சேர்ந்தால் சொந்தமாக ஒரு ஆம்புலன்ஸ் வாங்கலாம், சம்பளத்துக்கு மருத்துவ உதவியாளர்களை வைத்துக்கொள்ளலாம். ஆகஸ்டில் வாக்கெடுப்பு. விழுங்கப்படுகிறவர்கள் நாங்கள் என்பதால் ஓட்டு எங்களுக்கு மட்டும். கடைசியில் பொடி எழுத்தில் ஒரு வரி: கார்வினின் தலைவரே புதிய வட்டாரத்துக்கும் தலைவராகத் தொடர்வார்.

கார்வினின் தலைவர் ரஸ். என் முன்னாள் கணவன். பெவர்லி அவனுடைய இந்நாள் மனைவி. நீதிபதி கையெழுத்துப் போட்டுப் பிரித்துவைத்த இரண்டு பேரை ஊர் கூடி ஓட்டுப் போட்டுச் சேர்த்துவைக்கப் பார்க்கிறது. அதிலும் அவன் மேலே, நான் கீழே. தாளை ஒட்டினேன். தபால் நிலையத்தில் அது என் கடமை. காணாமல் போன பூனையின் படத்துக்குப் பின்னால் ஒட்டினேன்.

ஏப்ரல் 12

பிஸ்கட் நன்றாக இருந்தது. அதுவும் எரிச்சல்தான்.

ஏப்ரல் 29, ஞாயிறு

காலையில் எங்கள் ஊர் எமில் கூரைத் தகடு சரிசெய்ய ஏறி, ஏணியிலிருந்து விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு. எப்படியோ ஊர்ந்து உள்ளே வந்து சமையலறைத் தரையில் கிடந்தார். எனக்குத் தெரிந்ததெல்லாம் முதலுதவிதான். தலைக்கு ஒரு தலையணை, மேலே ஒரு போர்வை, நாடி பார்த்துக்கொண்டே மண்டியிட்டு உட்கார்ந்திருப்பது. ஆம்புலன்ஸ் மாவட்டத் தலைநகரிலிருந்து வர வேண்டும். அங்கே இருக்கும் இரண்டும் வேறு எங்கேயோ போயிருந்தன.

வலி தெரியாமல் இருக்க ஆர்லோ கதை சொன்னார். எங்கள் பழைய தீயணைப்பு வண்டியை ஓட்டுகிறவர் ஆர்லோ. எழுபதைத் தாண்டிய கோதுமைக்காரர். நான் தலைவியாவதற்கு முன்பிருந்தே அந்த வண்டி அவர் கையில். அவர் சொல்லும் கதைகளுக்கு முடிவு கிடையாது. எமில் என் கையைப் பிடித்து இழுத்து, "மார்வா, இந்த ஆள வெளிய அனுப்பு. வலிய நான் தாங்கிக்கிறேன்" என்றார்.

ஆம்புலன்ஸ் வந்து அவரைத் தூக்கிப் போவதற்குள் சாயங்காலமாகிவிட்டது. திரும்பும்போது ஆர்லோ சொன்னார்: "நமக்கு ஆம்புலன்ஸ் வேணுந்தான். அதுக்காக நீ போயி ரஸ்ஸுக்குக் கீழ கை கட்டி நிக்கணுமா? நான் இருக்கிற வரைக்கும் நடக்காது."

எனக்கு இனித்தது. மறைப்பானேன்? எமில் முனகிய நேரமெல்லாம் ஆம்புலன்ஸ், ஆம்புலன்ஸ் என்று மனம் அடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து வெள்ளைத் தலைக்கவசத்தை ஆணியில் மாட்டியதும் ஆம்புலன்ஸ் மறந்துவிட்டது. இந்த ஊரில் ஒரு கார் பள்ளத்தில் விழுந்தால்கூட என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அதை ரஸ்ஸிடம் கொடுப்பதா? சாப்பாட்டு மேசையில் நான் பாதி பேசும்போதே எழுந்து போகிறவனிடமா?

மே 16

ஆர்லோ நெடுஞ்சாலையோரம் தன் வயலில் பெரிய பலகை ஒன்று நட்டிருக்கிறார். பச்சைச் சாயத்தில் கொட்டை எழுத்து: 'எங்கள் தீயை நாங்களே அணைப்போம்'. சாயம் வழிந்து, ஏதோ பேய்ப்பட விளம்பரம் போல இருக்கிறது. கார்வின்காரர்கள் அதைத் தாண்டும்போது ஹாரன் அடிக்கிறார்களாம். ஆர்லோ வயலில் நின்று கையாட்டுகிறாராம்.

ஜூன் 9, சனி

கார்வினோடு கூட்டுப் பயிற்சி. ரஸ் தன் புது வண்டியைக் கொண்டுவந்தான். சிவப்பு மாளிகை. உள்ளே கடல் அளவு தண்ணீர், ஏறி உட்கார்ந்தால் குளிர்காற்று. தார்ச் சாலையை விட்டு இரண்டு முழம் தள்ளி நிறுத்தியதும் பின்சக்கரம் மண்ணில் புதைந்துவிட்டது. ஆர்லோ டிராக்டர் கட்டி இழுத்தார், வாயெல்லாம் பல்லாக. எங்கள் வண்டி பழசு, சின்னது. குளிர்காற்று வேண்டுமென்றால் கதவைத் திறந்துகொள்ள வேண்டும். ஆனால் எந்த மேட்டிலும் ஏறும்.

பயிற்சி அதோடு முடிந்தது. வேறென்ன செய்ய? அவர்கள் குழாயை எங்கள் குழாயோடு மாட்ட முடியாது. முனையில் திருகும் மரை வேறு வேறு. எங்கள் தாத்தாக்கள் காலத்தில் ஏதோ சண்டையில் ஆளுக்கொரு மரையில் வாங்கித் தொலைத்தார்கள். இரண்டையும் இணைக்கும் பித்தளை இணைப்பு ஒன்று இருக்கிறது, ஒன்றே ஒன்று. அது ஒரு மரப் பலகையில் திருகி, பசை ஊற்றி, மேலே மெருகெண்ணெய் பூசி, ஜூலை நான்கு, சுதந்திர தினத்துப் பீப்பாய்ப் போட்டியின் கோப்பையாக இருக்கிறது. ஐந்து வருஷமாகக் கார்வின் நிலையத்துச் சுவரில் தொங்குகிறது.

இன்னொன்று வாங்கினால் என்ன என்று பெவர்லி கேட்டாள். ரஸ்ஸும் நானும் ஒரே சமயத்தில், "கோப்பைக்கு என்ன மரியாதை?" என்றோம். பல வருஷம் கழித்து இருவரும் ஒத்துப்போன விஷயம் அதுதான்.

ஜூன் 27

பீப்பாய்ப் பயிற்சி. இரண்டு கம்பத்துக்கு நடுவே கம்பி, கம்பியில் பீப்பாய். தண்ணீரைப் பீய்ச்சி எதிராளி பக்கம் தள்ள வேண்டும். இவ்வளவுதான் விளையாட்டு. இதற்காகத் தினமும் சாயங்காலம் முழங்கை வலிக்கப் பீய்ச்சுகிறோம். ஆர்லோவுக்கு ஒரு யோசனை: கீழிருந்து மேலாக அடித்தால் பீப்பாய் சுழலாதாம். சரியாகத்தான் இருக்கிறது. இந்த வருஷம் விடப் போவதில்லை.

ஜூலை 4

ஜெயித்தோம். மற்றதை எழுத இன்று கை வரவில்லை.

ஜூலை 5, வியாழன்

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் இதையே மென்றுகொண்டிருப்பேன்.

போட்டி கார்வின் கடைத்தெருவில். முதல் சுற்று அவர்கள், இரண்டாவது நாங்கள். அவசரத்துக்கு வண்டித் தொட்டியில் பாதித் தண்ணீர் எப்போதும் மிச்சம் இருக்க வேண்டும் என்பது விதி. விதியை எழுதியதே ரஸ்ஸும் நானும்தான். மூன்றாவது சுற்றில் பீப்பாய் நட்டநடுவில் நின்று நடுங்கியது. கூட்டம் கத்துகிறது. ரஸ் என்னைப் பார்த்தான். நான் ரஸ்ஸைப் பார்த்தேன். இரண்டு பேரும் கையைச் சுழற்றி முழுசாகத் திறக்கச் சொன்னோம். கடைசிச் சொட்டு வரை பீய்ச்சினோம். மாளிகையின் பெரிய பம்பு கடலையே குடித்துவிட, அவர்கள் தண்ணீர் முதலில் தீர்ந்தது. பீப்பாய் அவர்கள் கம்பத்தில் போய் முட்டியது. ஆர்லோ என்னைத் தூக்கிச் சுற்றினார், இந்த வயதில்.

கோப்பையைக் கையில் வாங்கி நின்றபோது எல்லார் இடுப்பிலும் பேஜர் அலறியது. தெருவிலிருந்தே புகை தெரிந்தது. மேட்டு வயல் பக்கம். எங்கள் வட்டாரம். யாரோ இழுத்துப்போன வண்டியின் சங்கிலி சாலையில் உரசிப் பொறி பறந்ததாகப் பிறகு சொன்னார்கள்.

ரஸ் தன் ஊர்த் தெருக்குழாயில் மாட்டி நிரப்பினான். அந்தக் குழாய் மரை எங்களுக்குச் சேராது. டெல்பர்ட்டில் நிரப்பப் போனால் நெருப்பைத் தாண்டித்தான் போக வேண்டும். காலித் தொட்டியோடு அவன் பின்னாலேயே போனோம். மடியில் கோப்பை.

எரிந்தது ஆர்லோவின் வயல். அறுவடைக்குச் சில வாரமே பாக்கியிருந்த கோதுமை. நெருப்பு சாலையிலிருந்து கிளம்பி மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. ரஸ்ஸின் மாளிகை சாலையில் நின்றது. அதன் தண்ணீர் பள்ளத்து ஓரம் வரைதான் எட்டியது. தண்ணீர் அவனிடம், மேடேறும் சக்கரம் என்னிடம். நடுவில் மாட்ட வேண்டியது என் மடியில்.

"அதக் குடு" என்றான் ரஸ்.

நான் என்ன சொன்னேன்? எழுதுகிறேன். "இது எங்களுது. இப்பத்தான் ஜெயிச்சோம்."

அவனாவது பிடுங்கினானா? இல்லை. "ஒடைச்சிராத, திருகு கழட்டிப் பாப்போம்" என்று பெட்டியில் திருப்புளி தேடுகிறான். நான், "உன் ஆளுங்கதான் பசை ஊத்தினது" என்கிறேன். அவன், "உங்கப்பாதான் ஊத்தினாரு" என்கிறான். கோதுமை எரிகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. நாங்கள் பசை யார் ஊற்றியது என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஆர்லோ வந்து என் கையிலிருந்து வாங்கினார். வண்டியின் முன்கம்பியில் ஓங்கி அடித்தார். பலகை பிளந்தது, பித்தளை தெறித்து விழுந்தது. எடுத்து மாட்டினோம். ஏறவில்லை. அடித்த அடியில் விளிம்பு நசுங்கிவிட்டது. ரஸ் சுத்தியலால் தட்டினான், நான் முறுக்கினேன், அவன் முறுக்கினான்.

அதற்குள் மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து டிராக்டர்கள் வந்தன. அக்கம்பக்கத்துக் கோதுமைக்காரர்கள், யாரும் கூப்பிடாமலே, சட்டிக் கலப்பை பூட்டிக்கொண்டு. நெருப்பைச் சுற்றி மண்ணைப் புரட்டி வட்டம் போட்டார்கள். வட்டத்துக்குள் இருந்தது எரிந்து தீர்ந்தது. ஈரச் சாக்கோடு உள்ளே ஓடப் பார்த்த ஆர்லோவைப் பெவர்லிதான் சட்டையைப் பிடித்து இழுத்துவந்து, சாலையில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் மாவட்ட மருத்துவமனையில் தாதி. அங்கே வேலை தெரிந்த ஆள் அவள் ஒருத்திதான்.

ஆர்லோ நட்டிருந்த பலகையில் பாதி எரிந்துபோய் 'நாங்களே' என்பது மட்டும் மிச்சம். யாரோ அதையும் ரஸ்ஸையும் என்னையும் சேர்த்துப் படம் பிடித்திருக்கிறார்கள். மாவட்டம் முழுக்கச் சிரிக்கிறது.

நானா அது? ஒரு பித்தளத் துண்டுக்கா? ஆர்லோ பக்கத்துல நின்னு பாத்துட்டிருந்தாரே, அவரு வயலு, அவரு வயலு எரியுது, நான் ஜெயிச்சேன் ஜெயிச்சேன்னு – சீ.

ஜூலை 9, திங்கள்

ஆர்லோ தபால் வாங்க வந்தார். மேட்டு வயல் முழுக்கப் போய்விட்டது என்றார். பிறகு, ஏதோ வானிலை சொல்வதுபோல: "நான் சேரச் சொல்லித்தான் ஓட்டுப் போடப் போறேன் மார்வா. கோவிச்சுக்காத."

"என் மேல கோவமா?"

"கோவம் இருந்தா நல்லாருந்திருக்கும். ஒரு மாசத்துல ஆறிரும்." கடிதங்களை எண்ணுவதுபோல் புரட்டினார். "நீங்க ரெண்டு பேரும் எவ்வளவு நேரம் பேசினீங்கன்னு உங்களுக்குத் தெரியாது. நான் நின்னு கேட்டுட்டு இருந்தேன்."

அவர் போனபின் கதவைப் பூட்டிவிட்டுப் பின்னறையில் அழுதேன். கதவைத் திறக்கச் சொல்லி யாரோ மணியை அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

ஜூலை 19

வாக்குச் சீட்டுகள் தபாலில் வந்துவிட்டன. என்னைத் தலைவி வேலையிலிருந்து தூக்கும் சீட்டை வீட்டுக்கு வீடு நானே பிரித்து அடுக்கி அனுப்புகிறேன். ஒரு மூட்டையைத் தவறவிடலாமா என்று நினைத்தேன். அதற்கு ஜெயிலாமே. ஜெயிலில் ரஸ் பார்க்க வருவான், பெவர்லியின் பிஸ்கட்டோடு.

ஜூலை 26, வியாழன்

விவசாயிகள் மன்றக் கூடத்தில் கூட்டம். இரண்டு வட்டாரத்து நிர்வாகக் குழுக்காரர்களும் மேடையில். ஊரே வந்திருந்தது. பாதிப் பேர் படத்தில் பார்த்ததை நேரில் பார்க்கும் ஆசையில் வந்தவர்கள்.

பேசுவதாக எண்ணமே இல்லை. எமில் கைத்தடி ஊன்றி எழுந்து, "நம்ம மார்வா என்ன சொல்றாளோ அதுதான் என் ஓட்டு" என்றார். எல்லாரும் திரும்பினார்கள். ஆர்லோ மட்டும் தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுந்தேன். "சேரச் சொல்லியே போடுங்க" என்றேன். "அன்னிக்கு எமில் தரையில கிடந்தப்பவே இதச் சொல்லியிருக்கணும். எனக்கு இந்த வெள்ளைத் தொப்பி மேல ஆசை. இப்பவும் ஆசைதான்."

அதை ரஸ் ரசிக்கிறான் என்று தோன்றியது. ஒரு மாதிரி சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அப்போதுதான் அது என் வாயில் வந்தது, முன்கூட்டி யோசித்ததல்ல.

"ஆனா அந்தப் பொடி எழுத்து வரிய எடுத்துருங்க. ஆர்லோவோட கோதுமை எரியிறப்ப அங்க ரெண்டு சீஃப் இருந்தோம். ரெண்டு பேரும் ஒரே அளவு முட்டாளு. ஒருத்தர எடுத்துட்டு ஒருத்தர வச்சுக்கறது என்ன நியாயம்? ரெண்டு பேரையும் தூக்குங்க. வெளியில இருந்து ஆளக் கொண்டாங்க."

ரஸ்ஸின் கழுத்து சிவந்தது. எனக்கு அந்தச் சிவப்பு நன்றாகத் தெரியும். நாற்காலியைத் தள்ளி எழுந்தான். வழக்கம்போல் வெளியே போகப் போகிறான் என்றுதான் நினைத்தேன். பெவர்லி அவன் காலில் ஓர் உதை விட்டாள். எல்லாரும் பார்த்தார்கள்.

"நான் வெளிய போக எந்திரிக்கல பெவ்" என்றான். "அவ சொல்றது சரி. திருப்புளி தேடினது நான்தான். அந்த வரிய எடுத்துருங்க."

உட்கார்ந்துவிட்டான். இத்தனை வருஷத்தில் நான் சொன்னதை முழுசாகக் கேட்டு, சரி என்று சொன்னது இதுதான் முதல் தடவை. அதுவும் மைக் வைத்து. எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. காபி மேசைப் பக்கம் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 8

சேர்ந்தாயிற்று. பொடி எழுத்து வரியையும் குழுக்காரர்கள் எடுத்துவிட்டார்கள். பெருவாரியான ஓட்டு. வேண்டாம் என்று போட்டவர்களும் இருக்கிறார்கள். யார் யாரென்று உறையை நீட்டிய முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரியும், ஆனால் சொல்லக்கூடாது. அறுவடை நடப்பதால் யாருக்கும் கொண்டாட நேரமில்லை. என் ஓட்டையும் சேரச் சொல்லியே போட்டேன். போட்டபின் நாள் முழுக்க எதையோ வீட்டில் மறந்துவிட்டு வந்தது போல இருந்தது.

அக்டோபர் 3, புதன்

புதுத் தலைவி வந்துவிட்டாள். டானிகா ஓயாமா. கடற்கரை நகரத்துக்காரி, முப்பதைத் தாண்டியிருப்பாள். கோதுமைக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதை ஒளிக்காமல் கேட்கிறாள். முதல் வாரமே இரண்டு ஊர்க் குழாய்களையும் தரையில் பரப்பி, எல்லா முனையையும் வெட்டி ஒரே மரையில் புதுசு மாட்டச் சொல்லிவிட்டாள். ஆர்லோ அவளிடம் முடிவில்லாத கதை ஒன்றை ஆரம்பித்தார். "முடிவ மட்டும் முதல்ல சொல்லுங்க சார்" என்றாள். அவர் திகைத்துப்போய், உண்மையிலேயே யோசித்தார்.

தலைக்கவசத்தை ஒப்படைத்தேன். துடைத்துக் கொடுத்தேன். "வச்சுக்கலாமே, ஞாபகத்துக்கு" என்றாள். வேண்டாம் என்றேன். வீட்டில் இருந்தால் தினமும் மாட்டிப் பார்ப்பேன். எனக்குக் கொடுத்தது சாதாரண ஆட்கள் மாட்டும் மஞ்சள். மஞ்சள் எனக்கு எடுக்காது.

அக்டோபர் 20

ஆம்புலன்ஸ் வந்தது. டெல்பர்ட் நிலையத்துக்குள் நுழையவில்லை. உயரம் போதாது. வாங்கும்போது யாரும் வாசலை அளக்கவில்லை. ரஸ் அளந்ததாக நான் நினைத்தேன், நான் அளந்ததாக அவன் நினைத்தான். ஓயாமா தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆர்லோ ரம்பத்தோடு வந்து நிலைக்கு மேலே வெட்டித் திறந்துகொடுத்தார். நான் சாப்பாடு கட்டிக்கொண்டு போனேன். ஏணியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிடித்துக்கொண்டேன். சாப்பாடு முழுவதையும் சாப்பிட்டார்.

நவம்பர் 18

ஆம்புலன்ஸ் இதுவரை போன இடங்களில் ஒருவரும் சாகவில்லை. பெவர்லி வாரக் கடைசியில் அதில் போகிறாள். எமிலைப் போல யாரும் தரையில் கிடக்க வேண்டியதில்லை. இது என்னால் அல்ல என்பது கொஞ்சம் வலிக்கிறது. வலிக்கட்டும்.

டிசம்பர் 14, வெள்ளி

காலையில் புகைபோக்கித் தீ. இரண்டு பழைய வட்டாரத்துக்கும் எல்லையில் இருக்கும் பண்ணை வீடு. முன்பெல்லாம் அங்கே யார் போவதென்று ரஸ்ஸும் நானும் ரேடியோவில் சண்டை போடுவோம். இன்று ஒரே வண்டியில் போனோம். ஆர்லோ ஓட்டினார். தண்ணீர்த் திருகு என் பொறுப்பு, குழாய் முனை ரஸ்ஸின் கையில். குளிரில் விரல் மரத்துப்போயிருந்தது.

வீட்டுக்காரி செருப்பில்லாமல் பனியில் ஓடிவந்தாள். "சீஃப்! சீஃப்! மேல குழந்த தூங்குற அறைப் பக்கம் புகையுது!"

என் தலை தானாகத் திரும்பியது. ரஸ்ஸின் தலையும். எங்களைத் தாண்டி ஓயாமா, "நான் இருக்கேன், எந்த ஜன்னல், காட்டுங்க" என்றபடி அவளோடு ஓடினாள். கொஞ்ச நேரத்தில் குழந்தையைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தாள். தூக்கக் கலக்கத்தில் அது எங்களையெல்லாம் முறைத்தது.

ரஸ் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். மஞ்சள் அவனுக்கும் எடுக்கவில்லை.

"மார்வா, இன்னும் கொஞ்சம் தண்ணி விடு" என்றான்.

விட்டேன்.